தூய வானமும் எந்திர அறையும்

மாலை வேளையில் சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரையில் நின்று நோக்குவோர், அடிவானம் வரை நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைக் காண்பர். அவை சரக்கு இறக்க மட்டும் வருவன அல்ல. எண்ணெய் நிரப்பிக்கொள்ளவும் வருவன. 2024ஆம் ஆண்டில் இத்துறைமுகத்தில் விற்பனையான கப்பல் எரிபொருள் ஏறத்தாழ 55 மில்லியன் டன். வேறெந்தத் துறைமுகமும் இவ்வளவு விற்பதில்லை. அது எரிந்து எழும் புகைக்கு யார் பொறுப்பு? விற்ற துறைமுகமா, வாங்கிய கப்பலா, அக்கப்பலில் வந்த அரிசியை உண்ணும் நாமா?

மனிதச் செயலால் உலகில் வெளியாகும் வெப்ப வாயுக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்கு கப்பல்களால் விளைவது. 2050ஆம் ஆண்டையொட்டி அனைத்துலகக் கப்பற்போக்குவரத்தின் நிகர வெளியீட்டை இல்லாமற் செய்யவேண்டும் என அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 2023இல் குறிக்கோள் வகுத்தது. பல்கலைக்கழக ஆய்வாளரும் மாற்று எரிபொருள் தேடுகின்றனர். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2017இல் தொடங்கிய கடல்சார் எரிசக்தி ஆய்வு மையம் மெத்தனால், அம்மோனியா ஆகியவற்றை ஆராய்ந்துள்ளது. 2024 மார்ச்சில் 'கிரீன் பயனியர்' என்னும் கப்பல் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் டீசலோடு அம்மோனியாவையும் எரித்துக் காட்டியது.

அம்மோனியாவில் கரிமம் இல்லை; ஆதலின் அதனை எரித்தால் கரியமில வாயு எழாது. எனினும், இன்று உலகில் ஆக்கப்படும் அம்மோனியாவில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவது. அதனைக் கப்பலில் எரிப்பது, புகைக்கூண்டைக் கடலிலிருந்து பெயர்த்துத் தொழிற்சாலைக் கூரையில் நடுவதற்கு ஒப்பாகும். எரிகையில் தோன்றும் நைட்ரஸ் ஆக்சைடோ, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவினும் ஏறக்குறைய 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இவை அறிவியல் தீர்க்கக்கூடிய சிக்கல்கள். காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பிரித்து அம்மோனியா ஆக்கலாம், எந்திரத்தையும் திருத்தலாம்.

அறத்தின்பாற்பட்ட சிக்கல் வேறு. அம்மோனியா நச்சு வாயு. செறிவாகக் கசிந்தால் கண்ணையும் நுரையீரலையும் பொசுக்கும், உயிரையும் வாங்கும். கசிந்தால் முதலில் அதனை மூச்சிழுப்பவர் எந்திர அறைத் தொழிலாளரே. நிலக்கரிக் காலத்திலும் மேல்தளத்துப் பயணி கடற்காற்று வாங்கிக்கொண்டிருக்க, கீழே உலைவாயில் வெந்து கரி அள்ளிப் போட்டவருள் இந்தியத் துணைக்கண்டத்தார் மிகப் பலர்.

பலர் நன்மைக்காகச் சிலர் இடரேற்பது முறையே என்பாரும் உளர். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. கடல் உயர்ந்தால் முதலில் மூழ்கவிருக்கும் தாழ்நிலத் தீவு மக்களும் அவ்விடரைத் தாமே தேர்ந்துகொண்டவர் அல்லர். ஆயினும், ஒருவர் தாமே முன்வந்து இடரேற்றால் அது ஈகம்; அவரைக் கேளாமல் அவர் தலையில் ஏற்றினால் அதற்கு அப்பெயர் பொருந்தாது. பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணராத அறிவால் யாது பயன் என்று வினவிய வள்ளுவர், அறிவியலறிவுக்கு மட்டும் விலக்களித்திருப்பாரா?

ஆய்வைக் கைவிடவேண்டும் என்பதன்று என் கருத்து. நம் மாணவருள் சிலர் நாளை இத்துறைக்குச் செல்லக்கூடும். அவர்தம் ஆய்வேட்டில் திறனும் செலவும் கணக்கிடப்படும் பக்கத்திலேயே, குழாய் வெடித்தால் உள்ளே இருப்பவர் எத்தனை நொடியில் வெளியேறலாம் என்பதும் கணக்கிடப்படவேண்டும். இரட்டைச் சுவர்க் குழாய்க்கும் காற்றோட்டத்திற்கும் பணமும் இடமும் செலவாகும். அச்செலவைக் குறைக்குமாறு கேட்கப்படும் நாளில் மறுத்துரைப்பதும் ஆய்வாளர் கடமையே.

மற்றொன்றும் உண்டு; இதற்குப் புதிய எரிபொருளே வேண்டுவதில்லை. கப்பலின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், எந்திரத்திற்கு வேண்டும் ஆற்றல் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறையும். பயண நாள் கூடினும், மொத்த எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்களவு மிஞ்சும். ஆயின் நாம் வாங்கிய பொருள் சில நாள் பிந்தி வரும். எந்திர அறையில் நிற்பவர்மேல் நாம் ஏற்றும் இடரில் ஒரு பகுதி, அச்சில நாளைப் பொறுக்கமாட்டாத நம் அவசரத்தின் விலை.