முகம் திருப்பும் உரிமை

செஞ்சிக்குக் கேமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று மலைகளையும் கல்யாண மகாலையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியர் கோட்டைகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சிக் கோட்டை ஒன்றுதான். ராஜகிரிப் பாறையில் காலை வெயில் விழும்போது யாருக்கும் கை தானாகக் கேமராவுக்குப் போகும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படமெடுக்கத் தூண்டுவது அழகுதான் என்று முடித்துவிட்டால் அது பாதி உண்மை. கோட்டையை எடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதும் அந்த ஈர்ப்பில் சேர்ந்திருக்கிறது. கீழ்க்கோட்டை வேங்கடரமணர் கோயிலும் அப்படித்தான். நித்திய பூசை இல்லை. கோபுர வாசலுக்குள் ராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடைவதும் புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன. எவ்வளவு நெருங்கினாலும் தடுப்பாரில்லை. பூசை நடந்த காலத்தில் எட்டி நின்று கும்பிட்ட இடத்துக்குள் இன்று லென்ஸ் தாராளமாக நுழைகிறது. எதைப் படமெடுப்பது என்பது ரசனை சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. எதிரில் இருப்பவருக்கு மறுக்கும் உரிமை உண்டா என்பதையும் நாம் அங்கே முடிவு செய்துவிடுகிறோம்.

அந்த உரிமையைப் பற்றி இந்த வட்டாரத்திலேயே ஒரு கதை உண்டு. செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் குன்றின் குடைவரையில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். 1714இல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதி மாண்ட தேசிங்கு ராஜன், போருக்குப் புறப்படுமுன் இவரிடம் உத்தரவு கேட்டானாம். பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். கதைக்கு ஆதாரம் தேட வேண்டாம். தரிசனத்தைப் பக்தர்கள் எப்படிப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே ஆதாரம். காட்சி கொடுப்பது அவர். கொடுக்காமல் இருக்கவும் அவரால் முடியும். திரை போட்டிருந்தால் காத்து நிற்கிறோம், விலகியதும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை போடச் சொன்னது, கோயிலின் தூய்மையையும் மாண்பையும் காக்க. எனக்குப் படும் காரணம் வேறு: செல்போன் படமாகிச் சட்டைப்பைக்குள் போய்விட்ட சாமியால் முகத்தைத் திருப்ப முடியாது. அப்படியானால் பூசையறைப் படம் என்ன பாவம் செய்தது என்று கேட்கலாம். அதற்கு விளக்கேற்றுகிறோம், பூப் போடுகிறோம், தீட்டு பார்க்கிறோம். அது மறுபடி சாமியாகிவிடுகிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னகக் கோயில்களைப் பல்லாயிரம் படங்களாகப் பதிவு செய்து வைத்தது. விருத்தாசலம் கோயில் அர்த்தநாரீஸ்வரரை 1974இல் எடுத்த படம் அதில் இருந்தது. களவுபோன அந்தச் சிலை ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் கிடந்தபோது அடையாளம் காட்டியது அந்தப் படம்தான். 2014இல் சிலை நாடு திரும்பியது. கேமராவைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தால் இது நடந்திருக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படங்களை எடுத்தவர்கள் மனம் கவர்ந்ததைத் தேடிப் போகவில்லை. மாடம் மாடமாக, மூளியான சிலையையும் விடாமல் எடுத்தார்கள். ‘இது எனக்குப் பிடித்திருக்கிறது’ என்ற தேர்வே அங்கு இல்லை. படம் எடுத்தவரைவிடக் கோயிலுக்குத்தான் அந்தப் பதிவு அதிகம் சொந்தம். நான் கேள்வி கேட்பது ஆவணத்தை அல்ல, உந்துதலை.

உந்துதலின் சோதனை மனித முகத்தில்தான். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரைதோறும் கூத்தாண்டவர் திருவிழா நடக்கிறது. கூத்தாண்டவராக வணங்கப்படும், களப்பலியான அரவானுக்கு மனைவியராகத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர் மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை கட்டி ஒப்பாரி வைக்கிறார்கள். புகைப்படக்காரர்கள் கூடுவது அந்த ஒப்பாரிக்கு. பொதுவெளிச் சடங்குதானே, அவர்களை உலகம் கண்டுகொண்டதே படங்களால்தானே என்பார்கள். இரண்டும் ஓரளவு உண்மை. விழாவையொட்டி நடக்கும் அழகிப் போட்டி மேடையில் அவர்களே கேமராவைத் தேடி நிற்கிறார்கள். அந்த முகம் கொடுக்கப்பட்டது. தாலி அறுக்கும் நேரத்தில் அதே முகம் அரவானை நோக்கி இருக்கிறது, நம்மை அல்ல. முதல் நாள் கிடைத்த சம்மதத்தை மறுநாளுக்கும் நீட்டிக்கொள்வது புகைப்படக்காரரின் வசதி. அழுகை ஓய்ந்தபின் பக்கத்தில் உட்கார்ந்து, எடுக்கலாமா என்று கேட்கலாம். வேண்டாம் என்று அவர் தலையைத் திருப்பிக்கொண்டால் ஒரு நல்ல படம் போகும்தான். போகட்டும்.