சொல் யாருக்காக?

தில்லியிலும் மும்பையிலும் அன்றாடம் செவியில் விழும் இந்தி, ஆங்கிலத்தோடு இரண்டறக் கலந்த ஒன்றாகிவிட்டது. 'ஹிங்கிலிஷ்' என அதற்குப் பெயரும் உண்டு. 'டிரை' என்னும் ஆங்கிலச் சொல் 'கர்னா' என்னும் இந்தி வினையோடு சேர்ந்து முயற்சியைக் குறிக்கிறது. 1998-இல் பெப்சி விளம்பரத்தில் ஒலித்த 'யே தில் மாங்கே மோர்' என்னும் தொடர், 1999-இல் கார்கில் போரின்போது கேப்டன் விக்ரம் பத்ராவின் வெற்றி முழக்கமாயிற்று.

இக்கலப்பு மொழிக்கு இழைக்கும் துரோகமா என்பதே நம்முன் உள்ள வினா.

தூய்மையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் விடை கிடைக்காது. இந்தியில் நூலைக் குறிக்கும் 'கிதாப்' அரபுச் சொல். ஆலயத்தைக் குறிக்கும் 'கிர்ஜா' போர்த்துக்கீசியம் தந்தது. நம் வீட்டுச் சாவியும் சன்னலும் அவ்வழி வந்தவையே அன்றோ! இந்தி தன் சொல்வளத்திற்கு முதன்மையாகச் சமஸ்கிருதத்தை நாட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 351-ஆம் விதி. ஆயினும், 2011 செப்டம்பரில் உள்துறை அமைச்சகத்தின் ஆட்சிமொழித் துறையே, கடினமான சொற்களுக்கு மாற்றாகப் பழகிய ஆங்கிலச் சொற்களையும் ஆளலாம் எனச் சுற்றறிக்கை விடுத்தது. மக்களுக்கு விளங்காத தூய்மையும் கதவடைப்பே என்பதை அரசும் உணர்ந்தது போலும்.

அவ்வாறெனில் கலப்பில் குறையே இல்லையா? உண்டு. ஆங்கிலப் பள்ளியில் பயின்ற இளைஞன் கலந்து பேசினால் அதை நாகரிகம் என்கிறோம். சிற்றூரிலிருந்து வந்த தொழிலாளி அதே ஆங்கிலச் சொல்லைச் சற்றே பிறழ உச்சரித்தால் நகைக்கிறோம். நாம் எடைபோடுவது மொழியை அன்று, மனிதனின் தகுதியை. மருத்துவர் நோயாளியிடமும், வங்கி அலுவலர் முதியவரிடமும் கலப்பு மொழியில் பேசும்போது, கேட்பவர் புரியாமலே தலையசைத்துத் திரும்பினால், அங்கே சொல் பாலமாக நிற்கவில்லை, மதிலாக நிற்கிறது.

இன்னோர் இழப்பும் உண்டு. தேவைக்கு ஏற்ற சொல் மொழியை வளர்க்கிறது. பெருமைக்காக ஏற்ற சொல்லோ, இருக்கும் சொல்லை வெளியேற்றுகிறது. எண்களையும் நிறங்களையும் ஆங்கிலத்திலேயே அறியும் குழந்தைக்குப் பாட்டியின் பேச்சு சிறிது சிறிதாக அயன்மொழியாகிறது.

எனவே, 'இச்சொல் எம்மொழியினது?' என்று வினவுவதற்கு முன், 'இது எவரை அருகே அழைக்கிறது, எவரை வெளியே நிறுத்துகிறது?' என்று வினவுவோம். எதிரே இருப்பவர் தயக்கமின்றி மறுமொழி கூற முடியுமானால், கலந்த சொல்லும் நற்சொல்லே. அவரை வாயடைக்கச் செய்யுமானால், தூய சொல்லும் அன்பற்ற சொல்லே.