வலிக்காத கால்

2024 அக்டோபர் 5 அன்று கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. சிங்கப்பூரில் 180 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவந்த குதிரைப் பந்தயம் அத்தோடு சரி. நண்பர்களில் சிலர் ஏக்கத்தோடு எழுதினார்கள். சூதாட்டம் ஒழிந்ததே என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. எனக்கு ஞாபகம் வந்தது ஒரு கிராம் மருந்துத் தூள்.

அதன் பெயர் ஃபீனைல்பியூட்டசோன். குதிரை வளர்ப்பவர்கள் சுருக்கமாக 'பியூட்' என்பார்கள். 1949-இல் மனிதர்களின் மூட்டுவாதத்துக்காக வந்த மருந்து இது. எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்த உற்பத்தியையே முடக்கக்கூடும் என்று தெரிந்ததும் பல நாடுகளில் மனிதர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள். குதிரைக்கு மட்டும் நிலைத்துவிட்டது. கிலோவுக்கு 2.2 மில்லிகிராம் என்ற வழக்கமான கணக்கில், 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு வேளைக்கு ஏறக்குறைய ஒரு கிராம். கசக்கும் என்பதால் தவிட்டில் வெல்லப்பாகு விட்டுக் கலந்து கொடுப்பார்கள். இது கொடுக்கப்பட்ட குதிரையின் இறைச்சி மனித உணவில் சேரக்கூடாது என்று ஐரோப்பாவில் விதி இருக்கிறது. நமக்கு ஆகாது, அதற்கு ஆகும்.

ஆகும் என்பதும் பாதி உண்மைதான். உடம்பில் வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உற்பத்தியாவதை இந்த மருந்து தடுக்கிறது. அதே குடும்பத்துப் பொருள்கள்தான் இரைப்பையின் உட்சுவரையும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் காக்கின்றன. ஆகவே அளவு கூடினாலோ, குதிரை தண்ணீர் குடிக்காமல் கிடந்தாலோ குடலில் புண், சிறுநீரகப் பாதிப்பு. ஒரு முக்கியமான விஷயம்: பியூட் மூட்டைக் குணப்படுத்துவதில்லை. தேய்ந்த குருத்தெலும்பு தேய்ந்ததுதான். குருத்தெலும்புக்குள் நரம்பே கிடையாது. வலி வருவது அதைச் சுற்றியுள்ள சவ்விலிருந்தும் அடியில் உள்ள எலும்பிலிருந்தும். வலியை அடக்கிவிட்டு ஓட வைத்தால், தேய்வது தெரியாமலேயே தேயும்.

என் பெரியப்பா ஈப்போ பக்கம் ஒரு லாயத்தில் சைஸாக இருந்தவர். தோட்டத்து லயத்தில் பிறந்து குதிரை லாயத்துக்குப் போனவர். 'ஒரு கால் எழுத்துதான் வித்தியாசம்' என்று அவரே சிரிப்பார். மருந்தின் பெயர் அவருக்கு வாயில் நுழையாது. ஆனால் ஒருமுறை சொன்னார்: "வலி போனா அது ஓடும்டா. ஓடுனா உடையும். அத நிறுத்தி வெக்கிறதே அந்த வலிதான், அதையும் நாம புடுங்கிட்டோம்னா யாரு நிறுத்துறது?" எத்தனையோ அறவியல் வகுப்புகளைவிட எனக்கு இந்தக் கேள்வி உதவியிருக்கிறது.

1968-இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் டான்சர்ஸ் இமேஜ் என்ற குதிரை முதலாவதாக வந்தது. கணுக்கால் தொல்லை உள்ள குதிரை அது. பந்தயத்துக்குப் பிந்திய சோதனையில் பியூட்டின் தடயம் இருந்ததாகச் சொல்லி வெற்றியைப் பறித்தார்கள். வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. அந்த விவகாரத்தில் எல்லாரும் நியாயத்தைப் பற்றித்தான் பேசினார்கள்: பரிசுப் பணம் யாருக்கு, பந்தயம் கட்டியவனுக்கு என்ன பதில். இன்றும் பெரும்பாலான இடங்களில் பந்தய நாளில் மருந்து உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கக் கூடாது என்பதே விதி. போட்டி நேர்மையாக இருக்கும். காலைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கும். மற்ற நாள்களில் பயிற்சிக்காக மருந்து கொடுத்து ஓட வைத்த கால்தானே பந்தய நாளிலும் ஓடுகிறது?

அப்படியானால் வலியை விட்டுவைக்க வேண்டுமா? 'வலி இயற்கையின் எச்சரிக்கை, அதை அடக்குவது தவறு' என்று பேசுபவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. இருபத்தைந்து வயதுக் குதிரைக்கு அந்த எச்சரிக்கையால் என்ன பயன்? ஷிஃப்டு முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் ஊதிக்கொண்டிருக்கும் சங்கு மாதிரி அது. மேலும், மூட்டுவாதம் உள்ள குதிரை அசையாமல் நின்றால் இன்னும் இறுகிப்போகும். தினமும் மெதுவாக நடக்க வேண்டும், வெளியில் விட்டு மேய வேண்டும். வலி அதிகமென்றால் அது நடக்காது. அங்கே அந்த ஒரு கிராம், குதிரையைக் குதிரையாக வாழ விடுகிறது. மருந்து அதேதான், அளவும் ஏறக்குறைய அதேதான். வலி நீங்கிய பிறகு அந்த உடம்பை நாம் எதற்கு அழைத்துப் போகிறோம் என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

சம்மதம் என்ற சொல்லைக் கொண்டுவந்து இதைச் சுலபமாக முடித்துவிடலாம். மனிதனுக்குச் சம்மதம் உண்டு, குதிரைக்கு இல்லை என்று. எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது. என் அம்மா பதினொரு வருடம் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்தார். முட்டி வீங்கும். காலையில் பசியாறியதும் ஒரு வலி மாத்திரை, பேருந்து ஏறுவார். "ஏம்மா, லீவு போடேன்" என்றால், "மாத்திரை போட்டா நிக்க முடியுதுல்ல, அப்புறம் எதுக்கு லீவு" என்பார். யாரும் தவிட்டில் கலந்து கொடுக்கவில்லை, தெரிந்தேதான் விழுங்கினார். ஆனால் வாடகை, என் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் சேர்ந்து எடுத்த முடிவை அம்மாவின் சம்மதம் என்று மட்டும் சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை. மாத்திரை அம்மாவுடைய வலியைத்தான் குறைத்தது. அதனால் கிடைத்த எட்டு மணி நேரம் பெரும்பாலும் வேறு யாருக்கோ போனது.

இதற்கு எதிராக ஒரு வாதம் இருக்கிறது, லேசில் தள்ள முடியாதது. வேலை செய்யாத குதிரைக்குத் தீனி போட யாரும் இல்லை. மருந்து கொடுத்துப் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றி வந்தாலாவது இன்னும் ஐந்து வருடம் உயிரோடு இருக்கும். இல்லையென்றால் ஊசிதான். உண்மை. ஆனால் அந்த இரண்டு வழிகளை மட்டும் விட்டு மற்றவற்றை அடைத்தது குதிரை அல்ல.

இன்னொரு சிரமம், அதற்கு எவ்வளவு வலிக்கிறது என்பதே நமக்குச் சரியாகத் தெரிவதில்லை. இரையாகும் விலங்கு, நொண்டுவதைக் காட்டிக்கொண்டால் புலிக்கு அடையாளம் காட்டியதாகிவிடும். 2014-இல் ஆய்வாளர்கள் குதிரையின் முகத்தை மட்டும் வைத்து ஓர் அளவுகோலை வகுத்தார்கள். காது பின்னால் விறைத்து நிற்கிறதா, கண்ணைச் சுற்றி இறுக்கமா, மூக்குத்துளை விரிந்திருக்கிறதா என்று ஆறு குறிகள். ஆறாயிரம் ஆண்டாகவோ என்னவோ முதுகில் ஏறிக்கொண்டிருக்கிறோம், முகத்தைப் பார்க்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

முகமும் மருந்துக்குள் இருக்கும்போது முழுதாகச் சொல்லாது. அதனால் வயதான குதிரைகளைப் பார்க்கும் மருத்துவர்கள் அவ்வப்போது அளவைக் குறைத்துப் பார்ப்பார்கள். குறைந்த அளவிலேயே நடந்தால் நல்லது. நடக்கவில்லை என்றால் வலியைக் கொஞ்சம் திரும்ப அழைத்துத்தான் மூட்டின் நிலையைத் தெரிந்துகொள்ள முடிகிறது. பிறகு அளவைக் கூட்டுவார்கள், கூட்ட வழியில்லாத ஒரு நாளும் வரும்.

அந்த மாதிரிக் காலைகளில் பெரியப்பா விடிவதற்கு முன்பே லாயத்துக்குப் போய், குதிரையைக் குளிப்பாட்டி, பிடரியைச் சீவி விடுவாராம். எதற்கு என்று கேட்டேன். "அதுக்கு ஒன்னும் தெரியாதுடா. தேய்ச்சு விட்டா புடிக்கும், அதான்" என்றார்.