சாமிப் படத்துக்குப் பின்னால்

2008இல் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் தமிழர்களிடம் கேட்கப்பட்ட பொலிஸ் பதிவுப் படிவம் சாமிப் படத்துக்குப் பின்னால்தான் இருந்தது. நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள். வெளியே இறங்கும்போது அம்மா இரண்டே கேள்விதான் கேட்பார்: "ஐசி இருக்கா? பதிவு இருக்கா?" வீட்டில் எத்தனை பேர், சொந்த ஊர் எது, எதற்காகக் கொழும்பு வந்தோம், எல்லாம் அந்தத் தாளில் இருந்தன. வவுனியாவிலிருந்து சித்தப்பா இரண்டு நாள் தங்க வந்தாலும் முதலில் பொலிஸில் எழுதிவிட்டுத்தான் சாப்பாடு. "ஒளிக்க ஒண்டும் இல்லைத்தானே, குடுத்தால் என்ன?" என்பார் அப்பா.

படமும் தாளும் எங்களுக்குச் சொன்னது ஒன்றைத்தான்: மேலே ஒருவர் எல்லாம் பார்க்கிறார், நீ நல்லவனாக இருந்தால் உனக்கு ஒன்றும் நடக்காது. படத்தின் மீதான நம்பிக்கையைக் கேள்வி கேட்கும் பகுத்தறிவாளர் பலர் தாளின் மீதான நம்பிக்கையைத் தொடுவதே இல்லை. இரண்டையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பாருங்கள் என்கிறேன்.

நல்லவர்களுக்கு ஒன்றும் நடக்காதா? 2007 ஜூன் 7, விடியற்காலை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளின் கதவுகள் தட்டப்பட்டன. 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். தகுந்த காரணமின்றித் தங்கியிருக்கிறார்கள் என்பதே சொல்லப்பட்ட நியாயம். ஒளிந்திருந்தவர்கள் அல்ல அவர்கள். லொட்ஜ் பதிவேட்டில் பெயரெழுதி, அடையாள அட்டை காட்டித் தங்கியவர்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. தடுத்தது நீதிமன்றம், அவர்களின் நல்ல நடத்தை அல்ல.

சரி, கெட்டவர்களையாவது எல்லாம் பார்க்கும் அந்த அரசுக் கண் பிடிக்கிறதா? அதே கொட்டாஞ்சேனையில்தான் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் போய் நிற்கும் இடம். 2019 ஏப்ரல் 4இல் இந்தியப் புலனாய்விடமிருந்து எச்சரிக்கை வந்தது. 9ஆம் திகதி பொலிஸ் மா அதிபருக்குப் போன கடிதத்தில் தாக்குதலுக்குத் தலைமை தாங்கப்போகும் சஹ்ரானின் பெயரும் இருந்தது, தேவாலயங்கள் இலக்கு என்பதும் இருந்தது. 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு அன்று அந்தக் கோயிலிலும் வேறு இடங்களிலும் குண்டுகள் வெடித்தன. இடையில் பதினேழு நாள். நாடெங்கும் 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், அரச புலனாய்வுச் சேவையின் அப்போதைய தலைவர் 7.5 கோடி ரூபாவும் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தக் கண்ணுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை. தெரிந்த பின் செய்யவேண்டிய கடமையைத்தான் அது செய்யவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். உளவு அமைப்பின் முன்னாள் ஒப்பந்தப் பணியாளர் ஸ்நோடன் 2013இல் அம்பலப்படுத்திய, அரசின் தொலைபேசிப் பதிவுச் சேகரிப்பை அரசின் மேற்பார்வை வாரியமே ஆராய்ந்தது. ஒரு பயங்கரவாத விசாரணையின் முடிவையாவது அது மாற்றியதற்குச் சான்றில்லை என்று 2014இல் எழுதியது.

உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு இங்கே அந்தக் கண் முஸ்லிம்கள் பக்கம் திரும்பியது. மன்னார் மண்ணின் இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீமை 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். காரணம் அவருடைய 'நவரசம்' கவிதை நூல். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் உள்ள நூல் அது. ஒன்றரை வருடத்துக்கு மேல் தடுப்பில் கிடந்தவரை 2023இல் நீதிமன்றம் விடுதலை செய்தது.

குண்டுவெடிப்புக்குப் பிந்திய அந்த நாட்களில் வெள்ளவத்தையில் தமிழர் நாம் என்ன பேசினோம்? "இனி அவையள் படட்டும்" என்ற சொல்லை என் காதால் கேட்டேன். பதிவுத் தாளைச் சட்டைப்பையில் சுமந்து திரிந்தவர்களின் வாய்களிலிருந்து வந்த சொல். நானும் மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனம் இன்றும் உறுத்துகிறது.

குண்டு வைக்கிறவனைத் தேடவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆளைச் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள், நீதவானிடம் உத்தரவு வாங்குங்கள். ஒரு இனத்தையே பட்டியலில் ஏற்றுவது தேடுவதாகாது. நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கென்று தனியான உறுப்புரை கிடையாது. அப்படியோர் உறுப்புரை வேண்டுமென்று கேளுங்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் பிள்ளையின் போனை யாராவது வாங்கித் தட்டிப் பார்த்தால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று நீங்கள் போய்க் கேளுங்கள்.