நிமிர்ந்து நிற்க ஆறடி

மனிதனுக்கு எவ்வளவு இடம் போதும் என்று கேட்டால், ஆறடி என்று பதில் சொல்லிவிடுவது நம் வழக்கம். டால்ஸ்டாய் 1886-இல் வெளியிட்ட ஒரு கதைக்கும் ஏறக்குறைய அதுதான் முடிவு. சுடுகாட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் எல்லாருக்கும் அந்த வேதாந்தம், வீட்டுக்கு வந்து தலை முழுகும் வரையில் ஞாபகம் இருக்கும். ஆனால் அந்த ஆறடி, படுப்பதற்கு. அதுவும் எழுந்திருக்க வேண்டாத படுக்கைக்கு. உயிரோடு இருக்கிறவன் நிமிர்ந்து நிற்க எத்தனை அடி வேண்டும்? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது ஒரு வண்டி. விருத்தாசலத்தை அடுத்த நல்லூரில், என் நண்பர் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் தம் கையாலேயே செய்த வண்டி.

நண்பர் விருத்தாசலத்தில் பீங்கான் சூளை ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். நெருப்பு மூட்டிவிட்டால் சூளைக்கு ராத்திரி பகல் கிடையாது. சூடு 1,200 டிகிரிக்கு ஏறி, மெல்ல இறங்குகிற வரையில் யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அந்த ‘யாராவது ஒருவர்’ ஆகவே அவர் தம் வாழ்க்கையைக் கழித்துவிட்டார். மாசி மகத்துக்கு ஊர் ஊராக ஜனங்கள் வந்து மணிமுத்தாற்றில் முழுகி விருத்தகிரீசுவரரைத் தரிசித்துவிட்டுப் போவார்கள். இவர் சூளைச் சுவரில் இருக்கும் துளை வழியே நெருப்பின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்ததும் என்னிடம் வந்தார்.

“இனிமே ஊர் ஊராப் போகப் போறேன் சார். லாட்ஜில தங்கறதா இல்லே. வீட்டையே பின்னாலே கட்டி இழுத்துக்கிட்டுப் போகப் போறேன்” என்றார்.

சிரித்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார். நாமக்கல்லைச் சேர்ந்த அருண்பிரபு என்ற இளம் கட்டடக் கலைஞர், 2019-இல் ஓர் ஆட்டோ ரிக்‌ஷாவின் மேல் கட்டிய வீட்டைப் பற்றிய செய்தி அது. மொத்தம் 36 சதுர அடி. அதற்குள் படுக்கை, சமையலுக்கு இடம், குளியல் தொட்டி, கழிவறை. கூரையில் சூரிய வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடு. செலவு ஏறக்குறைய 1 லட்சம் ரூபாய். ஆறு போல்ட்டைக் கழற்றினால் வீடு வேறு, வண்டி வேறு.

“படிச்ச பிள்ளை ஆட்டோ மேலே கட்டிட்டான். நான் டிரெய்லரா செய்யறேன். என்கிட்டே பழைய ஜீப் இருக்கு” என்றார் நண்பர்.

செய்தும் விட்டார். ஏழடி நீளம், நாலரை அடி அகலம். இரும்புச் சட்டம், ஓர் அச்சு, இரண்டு சக்கரம், மேலே ப்ளைவுட் பெட்டி. பெட்டியின் உள் உயரம் மூன்றரை அடிதான். உயரமாகக் கட்டினால் காற்றுப் பிடிக்கும், திருப்பத்தில் சாயும். ஆகையால் ஓடும்போது கூரை தாழ்ந்திருக்க வேண்டும். நின்ற பிறகு கூரையைத் தூக்கலாம். முன்புறம் கீல் வைத்து, பின்புறம் இரண்டு குழாய்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, வேண்டிய உயரத்தில் ஓர் ஊசியைக் குத்தி நிறுத்துவார். சுற்றிலும் கெட்டியான கித்தான் துணி. தூக்கினால் பின்புறம் ஆறடி. ஒரு மனிதன் நிமிர்ந்து வேட்டி கட்டிக்கொள்ளலாம். ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா கம்பெனி 1951 முதல் ஃபோக்ஸ்வாகன் வேன்களைப் படுக்கையும் அடுப்புமாக மாற்றித் தந்தது. பின்னால் அவற்றுக்கும் இப்படித் தூக்கும் கூரை வந்தது. நல்லூரில் அதைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. ஆனால் குனிந்து போய் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசை எல்லா ஊருக்கும் பொதுதானே!

இரண்டு தவறு செய்தார். மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். அதற்கு இடம் விட்டுப் பெரிதாக அளவெடுப்பது அவர் கைக்குப் பழகிய காரியம். மரம் ஈரத்தில் உப்பும் என்பதை மறந்துவிட்டார். முதல் மழையிலேயே கூரை பெட்டியோடு கவ்விக்கொண்டது. இன்னொன்று, வண்டியை இழுத்தால் வால் ஆடிற்று. ஊரில் பார வண்டி ஓட்டிப் பழகிய பெரியவர் ஒருவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “பின்பாரம் தம்பி. தண்ணித் தொட்டியை முன்னாலே தள்ளு” என்றார். அந்தக் காலத்தில் மூட்டை அடுக்கும்போது முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நசுங்கும், பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். டிரெய்லருக்கும் அதே நியாயம். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் வண்டி அலையும். தொட்டி இடம் மாறியது, ஆட்டம் நின்றது.

ஆனால் வண்டி நல்லூர் எல்லையைத் தாண்டவில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, மோட்டார் வண்டி இழுத்துப் போகும் டிரெய்லரும் ஒரு வாகனம், பதிவு வேண்டும். கொல்லையில் செய்ததற்கெல்லாம் அது சுலபத்தில் கிடைத்துவிடாது. பதிவான வண்டியைக்கூடத் தயாரித்தவர் சொன்ன அமைப்புக்கு மாறாக இஷ்டப்படி மாற்றக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. நண்பர் வருத்தப்பட்டார். எனக்கு வருத்தமில்லை. நம் சுதந்தரம் ரோட்டில் ஆடிக்கொண்டு போனால், பின்னால் சைக்கிளில் வருகிறவன் அல்லவா அடிபடுவான்?

ஆகவே அந்த வீடு கொல்லை வேப்பமரத்தடியிலேயே நின்றது. சாயங்காலங்களில் நண்பர் கூரையைத் தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து காப்பி சாப்பிடுவார். எங்கள் தர்க்கம் அங்கேதான் நடக்கும்.

“பாருங்க சார், ஒரு அடுப்பு, ரெண்டு தட்டு, ஒரு மெத்தை. வேறே என்ன வேணும்? விடறதனாலேதானே வீடுன்னு பேரு” என்பார்.

வீடு என்ற சொல்லுக்கு விடுதலை என்றும் பொருள் உண்டு என்பதில் அவருக்குப் பரம சந்தோஷம். எனக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தேவையைக் குறைத்துக்கொள்வது தர்மம் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஒன்று கவனித்தேன். பத்தடி தூரத்தில் நாலு அறையும் மொட்டைமாடியுமாக அவருடைய வீடு நின்றது. முதுகு வலித்தால் போய்ப் படுத்துக்கொள்ள அங்கே கட்டில் இருந்தது. திரும்பிப் போக இடம் இருக்கிறவனுக்கு எளிமை ஒரு ருசி. இல்லாதவனுக்கு அதன் பெயர் வேறு. அமெரிக்காவில் 1930-களில் இந்த இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன. காருக்குப் பின்னால் டிரெய்லர் வீட்டை மாட்டிக்கொண்டு உல்லாசமாகக் கிளம்பியவர்கள் ஒரு பக்கம். புழுதிக் காற்றில் நிலத்தை இழந்து, படுக்கையும் பாத்திரமுமாக லாரியில் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் இன்னொரு பக்கம். இருவரும் வீட்டோடுதான் போனார்கள். ஒருவன் வீட்டை விட்டு வந்தான். மற்றவனை வீடு விட்டுவிட்டது.

இதையெல்லாம் நண்பரிடம் வெகு சாமர்த்தியமாகச் சொன்னேன். சொல்லும்போது என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமே இருந்தது. அது 2023 பிப்ரவரி வரையில் இருந்தது.

அந்த மாதத் தொடக்கத்தில், தை முடியாத நாளில், பருவம் தவறி ஒரு மழை வந்தது. தஞ்சைப் பக்கத்தில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல்லைச் சாய்த்த மழை அதுதான். அன்று இரவு நான் நல்லூரில் தங்கியிருந்தேன். கரும்பு வெட்ட வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள் சில, தெருக்கோடி வயல் வரப்பில் மூங்கில் வளைத்துத் தார்ப்பாய் போட்டுத் தங்கியிருந்தன. காற்று தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஆண்கள் எங்கெங்கோ ஒதுங்கினார்கள். ஒரு பெண், கைக்குழந்தையைப் புடவைத் தலைப்பில் மூடிக்கொண்டு, ஒரு கிழவியோடு நண்பர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அந்த வாசலில் முன்பு திண்ணை இருந்தது. திண்ணையை இடித்துக் கம்பிக் கதவு போட்டுப் பத்து வருஷம் ஆகிறது. அவள் கதவைத் தட்டவில்லை. தெரு விளக்கின் வெளிச்சத்தில் நாங்களாகத்தான் பார்த்தோம்.

“ஏங்க, அந்த வண்டி சும்மாத்தானே நிக்குது?” என்றாள் நண்பரின் மனைவி.

நண்பர் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மெத்தை புதுசாச்சே” என்றேன். கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் சொன்னேன்.

நாலு அறை வீட்டுக்குள் அவர்களை அழைக்கலாம் என்ற யோசனை அன்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் வரவில்லை. மறுத்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது. அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. மறுக்கிறவனாவது கேள்வியைக் காதில் வாங்கியவன்.

அந்த அம்மாள் எங்கள் பதிலுக்குக் காத்திராமல் சாவியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். நாங்கள் குடையோடு பின்னால் போனோம். மரம் உப்பிக் கூரை இறுகிப் போயிருந்தது. இரண்டு கிழவர்களும் தோளைக் கொடுத்துத் தள்ளினோம். ஒரு முனகலோடு அது மேலே எழுந்தது. நண்பர் ஊசியைக் குத்தி நிறுத்தினார். கிழவி முதலில் ஏறினாள். அந்தப் பெண் குனிந்து உள்ளே போனாள், குனிந்தபடியே நின்றாள், குனிந்தபடியே குழந்தையின் தலையைத் துவட்டினாள்.

“நிமிர்ந்து நில்லு தாயீ, இடிக்காது” என்றார் நண்பர்.

அவள் உடனே நம்பவில்லை. ஒரு கையை மேலே உயர்த்தித் துழாவினாள். கூரை தட்டுப்படவில்லை. பிறகுதான் மெல்ல நிமிர்ந்தாள்.

காலையில் மழை விட்டிருந்தது. நான் எழுந்து போய்ப் பார்த்தபோது அவர்கள் இல்லை, வயலுக்குப் போய்விட்டார்கள். உள்ளே பெருக்கியிருந்தது. மெத்தை சுருட்டி, ஓரத்தில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை, ஒரு சுருக்கம்கூட இல்லை. பச்சைக் குழந்தையோடு அவர்கள் வெறும் பலகையில் படுத்திருந்தார்கள். நான் சொன்னது காதில் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு நண்பர் என்னிடம் ‘விடறதனாலே வீடு’ என்று சொன்னதில்லை. நானும் அமெரிக்காக் கதையை எடுத்ததில்லை. எவ்வளவு இருந்தால் போதும் என்ற கணக்கை ஒருவன் தனக்குப் போட்டுக்கொள்ளலாம்; அதற்குத் தர்மம் என்று பெயர் வைப்பதிலும் தப்பில்லை. அதே கணக்கை அடுத்தவனுக்குப் போடும்போது நம் கை தானாகவே சுருங்கிவிடுகிறது. நமக்கு மெத்தையைத் துறப்பது எளிமை. அவளுக்குப் பலகை போதும் என்பது கஞ்சத்தனம். இரண்டுக்கும் சொல் ஒன்றாகவே இருப்பதால் வித்தியாசம் சட்டென்று தெரிவதில்லை. படுக்க ஆறடி போதும் என்று உபதேசம் செய்யுமுன், நிற்க ஆறடி எல்லாருக்கும் இருக்கிறதா என்று கேட்டாக வேண்டும் என்று மட்டும் இப்போது எனக்குத் தெரிகிறது.

கரும்பு வெட்டுக்கு ஆட்கள் வரும் நாட்களில் நண்பர் இப்போது வண்டியின் கூரையைத் தூக்கியே வைக்கிறார். மரத்தை இழைத்துச் சரி செய்துவிட்டார், இறுகுவதில்லை. மெத்தையைக் கீழே விரித்தே போடுகிறார். ஒரு வண்டியில் எத்தனை பேர் தங்க முடியும்? போதாது என்று அவருக்கும் தெரியும். ஆனால் அவர் தொடங்கிவிட்டார். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டு வாசலிலும் ஒரு கம்பிக் கதவு இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு அதைப் பூட்டிவிடுவது வழக்கம்.