மௌனத்தின் பேரில்

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரைச் சூழ்ந்த பகுதியில், 1991 ஏப்ரலுக்கும் 1992 டிசம்பருக்கும் இடையில் பிரசவத்தை எதிர்பார்த்திருந்த தாய்மாரைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 14,541 கர்ப்பங்கள். 'தொண்ணூறுகளின் பிள்ளைகள்' என்று பெயர். கருவிலிருந்தே பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். அன்று சம்மதம் சொன்னவர்கள் உம்மாமார்தான்.

பிள்ளைகள் பதினெட்டு வயதை எட்டியபோது அவர்களிடமே கேட்டார்கள்: நாங்கள் சேர்த்துவைத்த விபரங்களோடு, வைத்தியசாலைகளும் குடும்ப வைத்தியர்களும் உங்களைப் பற்றி எழுதிவைத்திருப்பதையும் இணைக்கலாமா? சிலர் ஆம் என்றனர். சிலர் மறுத்தனர். பலரிடமிருந்து பதிலே இல்லை.

பதில் தராதவர்களை விட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் இப்படியான ஆய்வுகளிலிருந்து நழுவிப் போகிறவர்களில் ஏழைகளும் நோயாளிகளும் அதிகம். அவர்களை விட்டால் மிஞ்சுவது வசதியானோரின் கதை. மருந்தும் திட்டமும் பிறகு அந்தக் கதையை நம்பியே வகுக்கப்படும். அங்கே 2006ஆம் ஆண்டின் தேசிய சுகாதார சேவைச் சட்டத்தில் 251ஆம் பிரிவு என்றொரு வழி உண்டு. மறுத்தவரைத் தொடாமல், பதிலளிக்காதவரின் வைத்தியப் பதிவை இணைக்க அதன்கீழ் அனுமதி பெற்றார்கள். பெயரும் முகவரியும் ஆய்வாளர் கைக்குப் போவதில்லை.

மௌனமாக இருப்பவர் மீது எந்தச் சொல்லையும் ஏற்ற முடியாது என்பது நமது பிக்ஹின் பொதுவிதி. கன்னிப்பெண்ணின் நிக்காஹ் அதற்கு விதிவிலக்கு. அவளது மௌனமே அனுமதி. விலக்குக்குக் காரணம் உண்டு. கேட்பவர் எதிரில் இருக்கிறார், முகத்தைப் பார்க்கிறார், அது வெட்கமா வேதனையா என்று அவருக்குத் தெரியவேண்டும். தபாலில் போன கடிதத்துக்கு முகம் ஏது? அது வந்து சேர்ந்ததா என்பதே தெரியாது.

ஆனாலும் அந்தச் சட்டத்தில் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. அது மௌனத்தைச் சம்மதம் என்று சொல்லவில்லை. சம்மதமில்லாமலே எடுக்கிறோம், இன்ன தேவைக்காக, இன்னாரின் மேற்பார்வையில் என்கிறது. எடுத்தது அமானிதம் என்ற நினைப்பு அப்போதுதான் இருக்கும்.

நான் அப்படிச் சொல்லவில்லை. வாப்பா மௌத்தான பிறகு தங்கச்சிக்கு வலியாக நின்றவன் நான். கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. வெளியே சபை காத்திருந்தது. "சம்மதம்" என்று போய்ச் சொன்னேன்.

பத்தொன்பது வருஷமாகிறது. போன பெருநாளுக்கு வந்திருந்தாள். கேட்டுவிட நினைத்து அடுப்படி வரை போனேன். "என்ன நானா, தேத்தண்ணியா?" என்றாள். ஓமென்று சொல்லிவிட்டேன்.