முதல் ஆசீர்வாதம்



ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை நிதானமாய் வாசித்தால் ஒரு சங்கதி புலப்படும். சர்வேசுரன் முதன்முதல் ஆசீர்வதித்தது மனுஷனை அல்ல. ஐந்தாம் நாளில் நீர்வாழ் பிராணிகளையும் பறவைகளையுமே பலுகிப் பெருகும்படி ஆசீர்வதித்தார். நமது முறை மறுநாள்தான் வந்தது.

நொய்யல் கரையிலிருக்கும் நமக்குக் கடலோடு என்ன சம்பந்தம் என்பீர்கள். இங்கே பவர் டேபிளிலும் ஓவர்லாக்கிலும் உழைக்கிற நம் பங்கு மக்களில் சிலர், அர்ச். சவேரியார் 1542-ல் வந்து போதித்த முத்துக்குளித்துறையின் பிள்ளைகள். அவர்களில் ஒருவர் போன வாரம் என்னிடம், "சாமி, எங்க அப்பா வலை போட்ட பாரெல்லாம் வெளுத்துப் போச்சு" என்றார். பார் என்பது கடலடிப் பவளத் திட்டு.

பவளம் வெறுங்கல்லல்ல, கோடிக்கணக்கான சிறு பிராணிகளின் குடியிருப்பு. ஒவ்வொன்றின் சரீரத்துக்குள்ளும் நுண்ணிய பாசி வசிக்கிறது. பிராணி இடம் கொடுக்கிறது. பாசியோ சூரிய வெளிச்சத்தில் ஆகாரம் உண்டாக்கி, வாடகைபோல அதற்குக் கொடுக்கிறது. தண்ணீர் 30, 31 டிகிரிக்கு மேலேறி வாரக்கணக்கில் நின்றால் இந்தச் சிநேகம் முறிந்துபோகும். பிராணி பாசியை வெளியே தள்ளி, வெளுத்து, பட்டினி கிடக்கும். சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கலாம். இல்லாவிடில் செத்த பவளத்தின்மேல் முரட்டுப் பாசி படர்ந்து, புதுப் பவளம் ஒட்டுவதற்கு இடமிராது. அந்தப் பாசியைக் கடித்துத் தின்று திட்டைச் சுத்தமாய் வைப்பது கிளிமீன். அதையும் அளவின்றிப் பிடித்துவிட்டால்? திட்டு உதிர்ந்தபின் களவாக் குஞ்சு ஒளிய பொந்து ஏது?

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளைச் சுற்றிய பவளம் 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் பெருவாரியாய் வெளுத்தது. வெப்பம் ஒன்றே குற்றவாளி என்பது நியாயமாகாது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டினோம். விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் மூழ்கியேவிட்டன.

புகையினால் பூமியில் தங்கும் மிகுதி வெப்பத்தில் 100-க்கு 90 பங்கு கடலுக்குள் போகிறது. நம் மெஷின்களுக்கு வேண்டிய மின்சாரத்துக்காக அதே தூத்துக்குடிக் கரையிலும் நிலக்கரி எரிகிறது. காற்றாலை வைத்திருக்கும் முதலாளிமார் நம்மூரில் உண்டு, நல்ல காரியம். ஆனால் பூசை முடிந்து ஜனங்கள் போனபின்னும் நம் கோவிலில் விசிறி சுழல்வதை நானே கவனியாமல் விட்டிருக்கிறேன். கடலடிப் பவளம் பாழாவதைக் குறித்து, காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பானவர் 2015-ல் எழுதிய நிருபத்தில் வருந்தியிருக்கிறார். ஆகவே அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்கு ஆத்தும சோதனை செய்கையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நானும் சேர்த்துக்கொள்கிறேன்.

அந்தச் சகோதரர் ஆகஸ்டு 5-ந் தேதி பனிமய மாதா திருநாளுக்கு ஊர் போகிறார். தகப்பனாரின் பாரில் எங்கேனும் நிறம் திரும்பியிருக்கிறதா என்று விசாரித்து வரச் சொல்லியிருக்கிறேன்.